சிசிபஸின் பாறையும் பெண்ணின் பொழுதும்

அபத்தம் என்னும் சொல்லுக்குப் பிழை, பொய், பொருந்தாமை என்பன தமிழில் வழங்கிவந்த பொருள்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் திறனாய்வாளர் அச்சொல்லின்மீது மற்றுமொரு பொருளையும் ஏற்றினர். வாழ்வுக்குப் பொருள் தேடும் மனித உள்ளத்துக்கும், அதற்கு விடை தராது வாளாவிருக்கும் உலகுக்கும் இடையே எழும் முரணை அவர்கள் அபத்தம் என்றனர். இரண்டாம் உலகப் போரின் அழிவுக்கு நடுவே ஐரோப்பாவில் இக்கருத்து இலக்கியக் கொள்கையாக வலுப்பெற்றது. 'அபத்த நாடகம்' என்ற பெயரை நிலைபெறச் செய்தது 1961இல் வெளிவந்த மார்ட்டின் எஸ்லினின் நூல். அதில் அவர் முதன்மை தந்து ஆராய்ந்த பெக்கெட், அடமோவ், அயனெஸ்கோ, ழெனே ஆகிய நால்வரும் ஆடவரே. இவ்வரிசையை எண்ணும்போது நாம் ஒரு பெண்ணையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும். அவர் பிரெஞ்சு அறிஞர் சிமோன் த பொவார். அபத்தக் கொள்கையை அவர் பரப்பியவர் அல்லர். அக்கொள்கை கேளாது விட்ட கேள்வியொன்றைக் கேட்டவர்.

முதலில் அக்கொள்கையின் ஊற்றுக்கண்ணைக் காண்போம். 1942ஆம் ஆண்டு, பாரிஸ் நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில், அல்பேர் காம்யு 'சிசிபஸ் புராணம்' என்னும் நூலை வெளியிட்டார். சிசிபஸ் கிரேக்கத் தொன்மத்தில் வரும் அரசன். கடவுளரை வஞ்சித்த குற்றத்துக்காகப் பெரும்பாறை ஒன்றை மலையுச்சிக்கு உருட்டிச் செல்லும் தண்டனை அவனுக்கு விதிக்கப்படுகிறது. உச்சியை எட்டியதும் பாறை கீழே உருண்டுவிடும். அவன் இறங்கிச் சென்று மீண்டும் உருட்ட வேண்டும். முடிவென்பதே இல்லாத வேலை. காம்யுவின் கண் அவன் வெறுங்கையனாய் இறங்கிவரும் அந்தச் சிறு பொழுதின்மேல் பதிகிறது. தன் விதியை முற்றும் அறிந்து, பொய்யான நம்பிக்கை எதனையும் நாடாமல், மீண்டும் பாறையிடம் செல்பவன் தன் விதியினும் பெரியவன் ஆகிறான். அவனை மகிழ்ச்சியுடையவனாகவே நாம் கருத வேண்டும் என்று காம்யு முடிக்கிறார். போரில் நொந்திருந்த தலைமுறைக்கு இம்முடிவு ஓர் ஊன்றுகோலாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஏழாண்டுகள் கழித்து, 1949இல், பொவாரின் 'இரண்டாம் பால்' வெளிவந்தது. 1908இல் பாரிசில் பிறந்த பொவார், 1929இல் நடந்த மெய்யியல் தேர்வில், 21ஆம் அகவையில், இரண்டாம் இடம் பெற்றவர். முதலிடம் பெற்றவர் ழான் பால் சார்த்தர். 'இரண்டாம் பால்' நூலில் மணமான பெண்ணைப் பற்றிய இயலில் சிசிபஸ் மீண்டும் வருகிறான். ஆனால் இம்முறை மலையும் இல்லை, கடவுளரும் இல்லை. துடைத்த இடத்தில் மறுநாள் படியும் தூசு, கழுவிய பின் மறுவேளை அழுக்காகும் பாத்திரம், வெளுத்த பின் மீண்டும் குவியும் துணி ஆகியவையே பாறை. இல்லத்து வேலையைப் போலச் சிசிபஸின் தண்டனையை ஒத்த வேலைகள் மிகச் சிலவே என்பது பொவாரின் கருத்து. இல்லத்தரசி புதிதாக எதனையும் ஆக்குவதில்லை. இருப்பதை இருந்தபடியே காத்து நிகழ்காலத்தை நீட்டிக்கிறாள் என்கிறார் அவர்.

உவமை ஒன்றே, ஆயினும் அதன் பயன் முற்றிலும் வேறு. சிசிபஸின் பாறையை வைத்தவர் கடவுளர். அவர்களிடம் முறையிட மன்றம் இல்லை. ஆதலால் ஏற்றுத் தாங்குவதே அவனுக்குரிய வீரம். பெண்ணின் பாறையை வைத்தவர் யார்? சட்டமும் வழக்கமும் அன்றோ? பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1944இல்தான். 1945இல்தான் அவர்கள் முதன்முதல் வாக்களித்தனர். கணவன் இசைவின்றி மனைவி தொழில் செய்யவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965ஆம் ஆண்டுச் சட்டமே வழிவிட்டது. மனிதர் வைத்த பாறையை மனிதரே அகற்றலாம். அகற்றக்கூடிய ஒன்றை விதியென்று சொல்லி, அதனைச் சுமப்பவளை மகிழ்ச்சியுடையவளாகக் கருதிக்கொள்வது மெய்யியலாகாது, அது வசதி.

இவ்வேறுபாட்டுக்கு அவர் முன்பே அடித்தளம் இட்டிருந்தார். 1947இல் வந்த தம் அறவியல் நூலில், அபத்தம் என்பதையும் இருபொருண்மை என்பதையும் பிரித்துக் காட்டினார். வாழ்வு அபத்தம் என்றால் அதற்குப் பொருளே வாய்க்காது என்றாகும்; இருபொருண்மை உடையது என்றால் அதன் பொருள் முன்னரே நிலைபெற்றதன்று, ஒவ்வொரு நாளும் ஈட்டப்பட வேண்டியது என்றாகும். முன்னது கதவை அடைக்கிறது. பின்னது கதவைத் திறந்து, பொறுப்பை நம் தோளில் வைக்கிறது.

நூலுக்குக் கிடைத்த வரவேற்பும் எண்ணத் தக்கது. பிரெஞ்சு ஆடவரை நகைப்புக்கு உள்ளாக்கிவிட்டதாகக் காம்யு தம்மிடம் சினந்தார் எனப் பொவார் 1963இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பதிந்துள்ளார். பாறையின் சுமையை அத்துணை நுட்பமாக உணர்ந்தவருக்கும் தம் வீட்டருகில் இருந்த பாறை கண்ணிற்படவில்லை போலும். 1956இல் வத்திக்கான் இந்நூலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆங்கிலத்தில் 1953இல் வந்த மொழிபெயர்ப்போ பல பகுதிகளைக் குறைத்துவிட்டது. முழுமையான ஆங்கில வடிவம் 2009இல்தான் கிடைத்தது.

இக்கேள்வியைக் கையிற்கொண்டு சாமுவேல் பெக்கெட்டின் 'மகிழ்ச்சியான நாட்கள்' என்னும் நாடகத்தை நோக்கின் அது புதுப்பொருள் தருகிறது. 1961இல் நியூயார்க்கில் முதன்முதல் மேடையேறிய இந்நாடகத்தில், வின்னி என்னும் பெண் முதற்காட்சியில் இடுப்பளவும், இரண்டாம் காட்சியில் கழுத்தளவும் மண்மேட்டில் புதைந்திருக்கிறாள். மணி ஒலித்தால் விழிக்க வேண்டும். மீண்டும் ஒலித்தால் உறங்க வேண்டும். பல் துலக்குகிறாள், கண்ணாடி பார்க்கிறாள், பையிலுள்ளவற்றை எடுத்து அடுக்குகிறாள். அப்பையில் ஒரு கைத்துப்பாக்கியும் உண்டு. மேட்டின் பின்னே கணவன் வில்லி செய்தித்தாள் படிக்கிறான்; அரிதாகவே வாய் திறக்கிறான். அவளோ இன்று நல்ல நாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே இருக்கிறாள். காம்யுவின் கண்கொண்டு நோக்கின் இவள் வெற்றி பெற்றவள். பொவாரின் கண்கொண்டு நோக்கின், அம்மகிழ்ச்சியே மண் ஏறுவதை அவளுக்கு மறைக்கும் திரை. பெக்கெட் தீர்ப்பு வழங்கவில்லை. அவளைப் புதைத்தவர் யாரென்றும் கூறவில்லை. நாம் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும் இடத்திலேயே அந்நாடகத்தின் பெருமை உள்ளது.

பொவாரிடம் குறையே இல்லையோ எனின், உண்டு. விடுதி அறைகளில் வாழ்ந்து, உணவகங்களில் உண்டு, சிற்றுண்டிச் சாலை மேசைகளில் எழுதியே இளமையின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். அடுப்பங்கரையில் கைத்திறமும் சுவையும் அன்பும் சேர்ந்து விளையும் நிறைவை அவர் உள்ளிருந்து அறியவில்லை. நாள்தோறும் அழியும் என்று அறிந்தே வாசலில் இடப்படும் கோலத்தை வெறும் பாறை என்று நாம் ஒப்புவோமா? அவ்வேலையை அவள் விரும்பி ஏற்றாளா, வேறு வழியின்றி ஏற்றாளா என்பதே அங்கு எழும் வினா. அவ்வினாவை நமக்குக் கற்பித்தவரும் பொவாரே.

தமிழகத்துக்கு வெளியே நெடுங்காலம் வாழ்ந்து எழுதிவரும் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் சிறுகதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அதே பெயருடைய தொகுதி 1988இல் வெளிவந்தது. இராஜஸ்தானக் குடும்பம் ஒன்றின் சமையலறையே அதன் களம். அங்குள்ள பெண்கள் அவ்வறையைத் தம் ஆட்சிப்பரப்பாகக் கொண்டு, அதற்குள்ளேயே அதிகாரம் செலுத்துகின்றனர். சிறைக்குள் கிடைக்கும் அதிகாரம் சிறையை மறக்கச் செய்துவிடும் என்பதை அம்பை உள்ளிருந்து காட்டுகிறார். பொவார் தொலைவில் நின்று கண்டதை இக்கதை அடுப்பின் அருகில் நின்று காண்கிறது.

1986இல் மறைந்த பொவாரின் கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. பிறந்த ஊரைவிட்டுத் தொலைநகரில் வாழும் நம் இல்லங்களிலும், அலுவலகத்திலிருந்து திரும்பியதும் இரண்டாம் பாறையொன்றை உருட்டத் தொடங்கும் பெண்கள் உளர். அவர்தம் முகத்துப் புன்னகையைக் கண்டு, மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இம்மலரைப் படித்து மூடி வைத்தபின், அவர்களை அவ்வாறு கருதிக்கொள்வதற்கு மாறாக, ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். கேட்டபின் பாறையின் மறுபுறத்தில் நாமும் கை கொடுப்போம்.