விலை கூறாத ஏலம்

பழைய போர்ட் ஒயினை ஏலம் கேட்பவர் பெரும்பாலும் அதை ருசி பாராமலே கேட்கிறார். புட்டியில் மது எவ்வளவு இறங்கியிருக்கிறது, தக்கை கசிந்ததா, இத்தனை வருஷம் எந்த நிலவறையில் கிடந்தது என்பதைக் கொண்டுதான் மதிப்புப் போடுகிறார். ஆனாலும் அந்த வியாபாரத்தில் ஒரு நேர்மை உண்டு. விலையைப் பலர் காதுபடச் சொல்கிறார்கள். வாங்குகிறவர் தம் பணத்தைக் கொடுக்கிறார்.

ஜார்ஜ் மெரிடித் 1879-ல் வெளியிட்ட 'தி ஈகோயிஸ்ட்' நாவலில் இவை இரண்டும் இல்லை. தனக்கு நிச்சயமான ஸர் வில்லோபியைக் கிளாராவுக்குப் பிடிக்கவில்லை. அவன் மாளிகையை விட்டுப் புறப்படத் துடிக்கிறாள். அவள் தகப்பனார் டாக்டர் மிடில்டன் பெரிய பண்டிதர். அவர் முன் வில்லோபி மிகப் பழைய போர்ட்டைக் கொண்டுவந்து வைக்கிறான். அவருக்குப் புறப்பட மனம் வரவில்லை. மதுவுக்கு விலை, மகள்!

மிடில்டனைக் குடிகாரராக்கியிருந்தால் ஆசிரியருக்கு வேலை சுலபம். மெரிடித் அப்படிச் செய்யவில்லை. அவரைப் படித்தவராக, ரசிகராக, மகளிடம் அன்புள்ளவராகவே காட்டுகிறார். பழங்காவியம் ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல அவர் மதுவைப் பற்றிப் பேசுகிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. கெட்டவரோடு கிளாரா சண்டை போடலாம். இந்த நல்லவரோடு எப்படிப் போடுவது?

ஒரு குறை சொல்ல வேண்டும். மெரிடித்தும் பண்டிதரோடு சேர்ந்து மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார். சாமர்த்தியமான வாக்கியங்கள் மதுவைச் சுற்றி வளைய வருகின்றன. அந்த நேரத்தில் கிளாராவின் தவிப்பு நமக்கும் மறந்து போகிறது. மிடில்டன் செய்த குற்றமும் அந்த மறதிதான்.