ஐந்து வாட்டும் அரை மீட்டர் கம்பியும்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பல பகுதிகளில் செல்போன் வெறும் டார்ச் லைட்டாகிப் போனது. அடுத்த டிசம்பரில் வர்தா புயல் வந்து மிச்சப் பாடத்தையும் நடத்திவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்: "சார், பட்ஜெட்ல நல்ல வாக்கி டாக்கி ஒண்ணு சொல்லுங்க. எவ்வளவு தூரம் பிடிக்கும்?"

தூரத்தை முதலில் பேசிவிடலாம். அதைப் பேசிவிட்டால் எந்த செட் என்ற கவலை பாதி தீர்ந்துவிடும். இந்தக் கையடக்க ஹாம் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி) ரேடியோக்கள் வேலை செய்யும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சமதரையில் நின்று ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்தால், பூமியின் வளைவு மறைப்பதற்குள் அது எட்டும் தூரம் சுமார் 5 கிலோமீட்டர். அதே செட்டோடு ஆறு மாடி ஏறி 20 மீட்டர் உயரத்தில் நின்றால் அது 18 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டுமே வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் நெருக்கும் தி.நகர் தெருவில் நின்று பேசினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது.

சக்தியைக் கூட்டினால்? ஒரு வாட்டை நான்கு வாட்டாக்கினால் எதிர்முனை செட்டின் சமிக்ஞை மீட்டரில் ஒரு படி ஏறும், அவ்வளவுதான். எட்டு வாட், பத்து வாட் என்று கூவி விற்கும் செட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட மாடிப்படி ஏறுவது லாபம். முழங்காலுக்கு மட்டும்தான் செலவு.

இன்னொரு மயக்கமும் உண்டு. 2004 சுனாமி சமயத்தில் பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த ஹாம் குழு, அங்கிருந்து தகவல் அனுப்பியதைப் படித்தவர்கள் இந்தச் சின்ன செட்டிலும் அப்படிப் பேசலாம் என்று நினைக்கிறார்கள். கடல் தாண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பேச எச்.எஃப். எனும் சிற்றலை அலைவரிசை வேண்டும், அதற்கான செட்டும் நீளமான ஆன்டெனாவும் வேறு ரகம். கையடக்க செட் உங்கள் வட்டாரத்துக்கானது. ஊரில் ரிப்பீட்டர் (உயரத்திலிருந்து நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இருந்து, அதற்குக் கரண்ட்டும் இருந்தால், மாவட்டத்தின் ஒரு பகுதிவரை போகும்.

இப்போது செட்டுகள். என் மேசையில் மூன்று இருக்கின்றன: பாஃபெங் யூ.வி-5ஆர், குவான்ஷெங் யூ.வி-கே5, யேசூ எஃப்.டி-60ஆர்.

பாஃபெங்தான் 2012 வாக்கில் இந்தச் சந்தையையே புரட்டிப் போட்டது. அவ்வளவு மலிவாக இரண்டு அலைவரிசை செட் என்பது அதுவரை யாரும் கேள்விப்படாதது. 128 நினைவுச் சேனல்கள், 1800 எம்.ஏ.எச். பேட்டரி, ஓர் எல்.இ.டி. டார்ச், பண்பலை வானொலி. புயல் நேரத்தில் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம் என்பதால் அந்தப் பண்பலையை நான் பெரிதாக மதிக்கிறேன். மெனு மட்டும் சோதனை. பொத்தான்களை அமுக்கி ஒரு ரிப்பீட்டரைச் சேர்ப்பதற்குள் மழையே நின்றுவிடும். கேபிள் ஒன்றை வாங்கி, சிர்ப் என்ற இலவச மென்பொருளில் கணினி வழியே எல்லாச் சேனலையும் முன்கூட்டியே ஏற்றிவிடுவதுதான் வழி.

இதைவிடப் பெரிய குறை, சமிக்ஞையின் சுத்தம். 145-இல் பேசினால் 290-லும் 435-லும் கொஞ்சம் எச்சில் தெறிக்கும். அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்-இன் ஆய்வகம் சோதித்த யூ.வி-5ஆர் செட்டுகளில் பல, அந்நாட்டு விதி அனுமதிக்கும் அளவைத் தாண்டியிருந்தன. வாங்குபவர் கையில் வருவது எந்தத் தரம் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குவான்ஷெங் ஏறக்குறைய அதே விலைதான். திரை பெரியது, மெனு மனிதர்களுக்காக எழுதியது போலிருக்கிறது, விமான அலைவரிசையையும் கேட்கலாம். ஆனால் நான் இதன் பக்கம் சாய்வதற்குக் காரணம் இடுப்பில் இருக்கும் யூ.எஸ்.பி-சி துளை. மூன்று நாள் கரண்ட் இல்லாத வீட்டில் யூ.வி-5ஆரின் சார்ஜர் தொட்டில் வெறும் பிளாஸ்டிக். குவான்ஷெங்கை செல்போன் பவர் பேங்கில் சொருகிவிடலாம். இந்த செட்டின் மென்பொருளை மாற்றி எழுதி விளையாடுவது உலகெங்கும் ஹாம்களுக்கு இப்போது பெரிய பொழுதுபோக்கு. நானும் விளையாடுகிறேன். ஆனால் அவசரத்துக்கென எடுத்து வைக்கும் செட்டில் அந்தக் கைவேலை வேண்டாம்.

2004-இல் வந்த எஃப்.டி-60ஆர் பார்க்கப் பழைய காலத்து ஆசாமி. விலை இவற்றைப் போலப் பல மடங்கு. அதன் ரிசீவர் சமிக்ஞையைப் படிப்படியாக வடிகட்டும் சூப்பர்ஹெட்டரோடைன் வகை. மற்ற இரண்டும் எல்லா வேலையையும் ஒரே சில்லில் முடிப்பவை. இந்த வித்தியாசம் சாதாரணமாகத் தெரியாது. மாடியில் பெரிய ஆன்டெனா வைத்து இணைத்ததும் தெரியும். நகரத்தில் பண்பலைக் கோபுரம், செல்போன் கோபுரம் எல்லாவற்றின் இரைச்சலும் சேர்ந்து உள்ளே பாய, மலிவு செட்டுகள் திணறிச் செவிடாகின்றன. யேசூ அசராமல் கேட்கிறது. ஆறு பென்டார்ச் செல் போட்டு ஓட்டும் உறையும் இதற்குக் கிடைக்கும். பெட்டிக்கடையில் பேட்டரி வாங்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் ஒரு யேசூவின் விலைக்கு இரண்டு குவான்ஷெங், கூடுதல் பேட்டரிகள், ஆன்டெனா சாமான் எல்லாம் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன், இரண்டும் ஒரே மாடலாக. பேட்டரி மாற்றிப் போடலாம், ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் இன்னொன்றுக்கும் ஆயிற்று.

செட்டோடு வரும் குட்டை ஆன்டெனாவை ஹாம்கள் ரப்பர் டக் என்பார்கள். இரண்டு மீட்டர் அலைநீளத்தை ஒரு சாண் குச்சியில் அடக்கிய சமரசம் அது. அடுத்த படி, நாகோயா என்.ஏ-771 போன்ற 40 சென்டிமீட்டர் சவுக்கு. வித்தியாசம் காதுக்கே தெரியும். போலிகள் மலிந்திருப்பதால் விலை சந்தேகத்துக்கு இடமாகக் குறைந்தால் விட்டுவிடுங்கள். பாஃபெங், குவான்ஷெங் இரண்டிலும் செட்டின் பக்கம் ஊசி நிற்கும். யேசூவில் துளை இருக்கும். ஆன்டெனா வாங்கும்போது இதைப் பார்க்காமல் வாங்கினால் திருகவே முடியாது.

இதற்கும் முன்னால் காசே இல்லாத ஒரு வேலை உண்டு. கையடக்க செட்டுக்கு ஆன்டெனாவின் மறுபாதி உங்கள் கைதான். அது நல்ல மறுபாதி இல்லை. 49 சென்டிமீட்டர் மெல்லிய ஒயரின் ஒரு முனையை ஆன்டெனா அடியிலுள்ள உலோக வளையத்தைத் தொடும்படி மாட்டி, மறுமுனையைக் கீழே தொங்கவிடுங்கள். புலிவால் என்பார்கள். 145-இல் பேசும்போது எதிர்முனை ஆள் "இப்போ தெளிவா இருக்கு" என்பார்.

மாடிக்கு என்றால் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா. ஓர் எஸ்.ஓ-239 சாக்கெட், நடுவில் நிமிர்ந்து நிற்க 49 சென்டிமீட்டர் செப்புக்கம்பி, நான்கு மூலைத் துளைகளிலிருந்து 45 டிகிரி கீழ்நோக்கி வளைத்த 51 சென்டிமீட்டர் கம்பிகள் நான்கு. எலக்ட்ரிக்கல் கடைக் கம்பியும் ஒரு சால்டரிங் அயர்னும் போதும். இந்த செட்டுகளின் இன்னொரு அலைவரிசையான 435-லும் ஓரளவு ஒத்துழைக்கும். கடையில் விற்கும் பளபளப்பான ஆன்டெனாக்கள் பலவற்றைவிட இதை நான் நம்புகிறேன்.

கேபிளில் கோட்டை விடுபவர்கள் அதிகம். ஆர்.ஜி-58 கோஆக்ஸ் பத்து மீட்டர் ஓடினால் 145-இல் சக்தியின் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகக் கரைந்துவிடும். 435-இல் பாதிக்கு மேல். தேவைக்கு மேல் ஒரு முழம்கூட வேண்டாம். தடித்த கேபிளை நேரே செட்டில் திருகினால் அதன் கனமே மெல்லிய சாக்கெட்டை ஆட்டிவிடும். நடுவில் ஓரடி மெல்லிய இணைப்புக் கேபிள் வையுங்கள்.

ஆனால் புயலுக்கு என்று கேட்டால் என் தேர்வு கிரவுண்ட் பிளேன்கூட இல்லை. வர்தாவில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு மொட்டைமாடிக் கம்பத்தின் கதி தெரியும். இடி மின்னலில் அது ஆபத்தும்கூட. காற்று ஓய்ந்த பிறகு ஐந்து நிமிடத்தில் மேலே ஏற்றக்கூடியதுதான் பேரிடர் ஆன்டெனா. தூர்தர்ஷன் காலத்து டி.வி. ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் வந்த தட்டை ஒயர் நினைவிருக்கிறதா? அந்த 300 ஓம் ஒயரில் ஒன்றரை மீட்டருக்குள் ஜே-போல் என்ற ஆன்டெனா ஒன்றைச் செய்துவிடலாம். செய்யத் தெரியாதவர்களுக்குச் சுருட்டி வைக்கும் ஆன்டெனா என்றே விற்பனைக்கும் உண்டு. சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். நைலான் கயிறு கட்டித் துணி காயப்போடும் கம்பியிலோ, தப்பிப் பிழைத்த வேப்பங்கிளையிலோ தொங்கவிட வேண்டியதுதான். செட், பேட்டரி, பவர் பேங்க் எல்லாவற்றோடும் ஒரே ஜிப் பையில் போய்விடும். இந்த மலிவு செட்டுகளுக்குத் தண்ணீர் ஆகாது என்பதால் பை அவசியம்.

இவை எல்லாம் உரிமம் உள்ளவர்களுக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஹாம் செட் வைத்திருப்பதே குற்றம்; "ஆபத்துக்குப் பாவமில்லை" என்பது இங்கே செல்லாது. இணையக் கடைகளில் வாக்கி டாக்கி விற்பனைக்கு 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் கடிவாளம் போட்டிருக்கிறது. உரிமத்துக்கான மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு அப்படியொன்றும் கடினமில்லை: 12 வயதானால் எழுதலாம், தொடக்க நிலையான ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும்போதே உள்ளூர் ஹாம்களின் அறிமுகமும் கிடைத்துவிடும். செட்டை வாங்கிவிட்டு மறுமுனையில் யாரும் இல்லாமல் திண்டாட வேண்டியதில்லை. 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ்: இதற்குள்தான் பேச வேண்டும். செட் 136-லிருந்து 174 வரை திறந்தே கிடக்கும். அங்கே மீனவப் படகுகளும் காவல்துறையும் இருக்கலாம். சிர்ப்பில் சேனல் ஏற்றும்போது பேசக்கூடாதவற்றில் அனுப்பும் வசதியை அணைத்து வையுங்கள்.

தேர்வெல்லாம் ஆகாது, கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பேசினால் போதும் என்பவர்களுக்கு 446 மெகாஹெர்ட்ஸ் குறைந்த சக்தி செட்டுகள் உள்ளன. முறையான உபகரண அனுமதி பெற்ற செட்டாக இருந்தால் உரிமம் தேவையில்லை. தெருமுனைவரை பேசலாம். ஆனால் அந்த செட்டின் ஆன்டெனாவைக் கழற்றிப் பெரிது மாட்டக் கூடாது. மேலே சொன்ன கம்பி வேலை எதுவும் அதற்குப் பொருந்தாது.