ஃபார்மட் அடிப்பதற்கு முன்

நாகப்பட்டினத்தில் வீட்டுக் கணினியில் லினக்ஸ் சரியாக ஏறவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “ஃபார்மட் அடிச்சுட்டு மறுபடி போட்டுடலாம்க்கா, சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க.” விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம். ஆகவே இந்தப் பதிலை இப்போது எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. பழுது எங்கே என்று தேடும் நேரத்துக்கு இங்கே யாரும் காசு கொடுப்பதில்லை. வேலை முடிந்தால்தான் கூலி. தேடப் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஃபார்மட் அடித்தால் அரைமணியில் முடிந்துவிடும். புதிதாக வாங்கிய வெற்று ஹார்ட் டிஸ்க் என்றால் இழக்கவும் ஒன்றுமில்லை. அதோடு அந்தக் கைகளுக்கு ஊர் தெரியும். கடைப் பிள்ளைகள் ரேமைக் கழற்றி, அதன் காலை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் தொடுமுனைகளில் படலம் படியும். ரேம் தடுமாறினால் கோப்புகள் பாதியில் சிதைந்து நிறுவல் நின்றுவிடும். எந்த ஆங்கிலக் கையேட்டையும் படிக்காமல் அவர்கள் கண்டுகொண்ட வைத்தியம் அது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஃபார்மட் முதல் மருந்தாகும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எங்கள் தெருப் பெண் ஒருத்தி, இடம் போதவில்லை என்று லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டாள். மறுநாள் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற இரண்டு சொற்கள் மட்டும். கணினியைத் துவக்கிவைக்கும் நிரலான கிரப்பின் தலை டிஸ்க்கின் தொடக்கத்தில் இருந்தது. உடல் அவள் அழித்த பகுதியில் இருந்தது. தலை உடலைத் தேடி நின்றது, அவ்வளவுதான். விண்டோஸுக்கோ அவள் கோப்புகளுக்கோ ஒரு கீறலும் இல்லை. விண்டோஸ் பழுதுநீக்கும் சிடியைப் போட்டு ‘பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்று ஒரு கட்டளை கொடுத்திருந்தால் போதும். கடையில் ஃபார்மட் அடித்தார்கள். கல்லூரி புராஜெக்டும் அக்கா கல்யாணப் போட்டோக்களும் போயின.

தலைஞாயிறு, கீழையூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயியிடம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், அவர் வயலை உழுது போடமாட்டார். வாய்க்கால் கரையோடு மேலே நடப்பார். எந்த மடை வரை தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார். கணினியும் அப்படித்தான். பயாஸ், கிரப், கெர்னல், பிறகு திரை என்று மடை மடையாகத் திறக்கிறது. பென்டிரைவே தெரியவில்லையா? பூட் வரிசையிலோ, இமேஜை எழுதிய விதத்திலோ கோளாறு. மெனு வந்து பிறகு திரை இருண்டதா? கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ‘நோமோட்செட்’ என்ற சொல்லைத் துவக்க வரியில் சேர்த்துப் பார்க்கலாம். எழுதும்போது ஒவ்வொரு முறையும் நின்றால் பென்டிரைவ், ரேம், டிஸ்க் மூன்றையும் சோதிக்க வேண்டும். இவற்றில் எதையும் ஃபார்மட் தீர்க்காது. நிறுவி எழுதிவைத்த பதிவேட்டையும் சேர்த்தே அது துடைத்துவிடுகிறது.

இதற்கு எதிர்க்கோடி, இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டுவது. டிஸ்க் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஃபார்மட்டைவிட மோசம். டிஸ்க் தெரியவில்லை என்று பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டியை ஏஎச்சிஐ என்று மாற்றச் சொல்வார்கள்; விண்டோஸை முதலில் அதற்குத் தயார்செய்யாவிட்டால் அதுவும் எழாது. எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் வீட்டில் யாரும் அவற்றைப் படிப்பதில்லை. 2012 முதல் தமிழில் எழுதிவரும் ‘கணியம்’ மின்னிதழ் போன்ற முயற்சிகளை நான் பெரிதாக நினைப்பது அதனால்தான்.

போன மாதம் அந்தத் தெருப் பெண்ணின் வீட்டில் அவள் தம்பியின் பழைய கணினியில் உபுண்டு ஏற்றினார்கள். கடைசிக் கட்டத்தில் கிரப்பைப் பதிக்க முடியவில்லை என்று நின்றது. மறுபடி ஆன் செய்தால் நேரே விண்டோஸ். பூட் மெனுவில் பார்த்தோம். ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தது, ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருந்தது. விண்டோஸ் அந்த முறையில் இருக்க, இவன் மற்றதைத் தேர்ந்திருக்கிறான். சரியானதைத் தேர்ந்து மீண்டும் நிறுவினோம். அங்கேயும் ஃபார்மட் உண்டு, லினக்ஸுக்கு ஒதுக்கிய 40 ஜிபிக்கு மட்டும்.