கல் நிற்கிறது, கை எங்கே?

பீப்பாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தண்ணீர் பிடித்துவைக்கிற நீல பிளாஸ்டிக் டிரம்தானே? அந்த வார்த்தையே போர்த்துக்கீசியர்கள் நமக்கு விட்டுப்போனது. அவர்களுடைய 'பீப்பா' சுத்தமான மர சமாசாரம்.

இங்கிலாந்தில் பிளிமத் போனால் ராயல் வில்லியம் யார்டைக் கட்டாயம் காட்டுவார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்குச் சோறு போட்ட இடம். 1820களில் ஆரம்பித்து 1830களின் தொடக்கத்தில் முடித்தார்கள். டிசைன், இளைய ஜான் ரென்னி. மாவு மில், பேக்கரி, மாடு வெட்டும் கூடம், பீர் காய்ச்சும் கூடம், அப்புறம் நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய கூப்பரேஜ், அதாவது பீப்பாய்ப் பட்டறை. எல்லாம் கல். வாசல் மேலே நாலாம் வில்லியம் ராஜா சிலையாக நிற்கிறார்.

இதில் ஒரு தமாஷ். பீர் கூடம் கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1831-ல், மாலுமிகளுக்கு தினம் கொடுத்துவந்த பீரை நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு சொட்டு பீர்கூடக் காய்ச்சியதில்லை! கவர்ன்மென்ட் திட்டம் என்றால் எந்த ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. பீப்பாய்க்கும் ஏறக்குறைய அதே கதி. அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே தகர டப்பா இறைச்சியும், குடிதண்ணீருக்கு இரும்புத் தொட்டியும் கப்பலுக்குள் வந்தாகிவிட்டது.

பீப்பாய் என்ன லேசான விஷயமா? 1587-ல் பிளிமத்திலிருந்து கிளம்பிய டிரேக், போர்ச்சுக்கல் கரையோரமாக ஸ்பெயினுக்குப் போய்க்கொண்டிருந்த பீப்பாய்ப் பலகைகளைப் பிடித்துக் கொளுத்தினார். மறுவருஷம் ஆர்மடா பச்சை மரப் பீப்பாய்களோடு வந்தது. பீப்பாய் ஒழுகியது, சாப்பாடு அழுகியது. பீரங்கியை மட்டும் சொல்லும் சரித்திரப் பாடம் இதைச் சொல்வதில்லை.

ஓக் பலகை ஒவ்வொன்றும் நடுவில் அகலம், இரண்டு முனையிலும் ஒடுக்கம். ஓரங்களைச் சாய்வாகச் சீவவேண்டும். வளையத்துக்குள் நிறுத்தி, உள்ளே நெருப்பு மூட்டி, மரம் இளகும்போது வளைத்துக் கட்டவேண்டும். ஆணி இல்லை, பசை இல்லை. பெரும்பாலும் கண்ணளவுதான். ஒரு சாய்வு தப்பினால் நடுக்கடலில் ஒழுகும். நடுவில் பருத்திருப்பது அழகுக்காக இல்லை. தரையில் தொடுகிற இடம் கொஞ்சம்தான் என்பதால், எவ்வளவு கனமான பீப்பாயையும் ஒரே ஆள் உருட்டித் திருப்பிவிடலாம். கூப்பர் என்ற குடும்பப் பெயரே இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். நடிகர் கேரி கூப்பரின் முன்னோர் யாரோ பலகை சீவியிருக்கவேண்டும்!

1970 ஜூலை 31-ந்தேதியோடு கடற்படையில் தினசரி ரம்மும் போயிற்று. 1992-ல் யார்டை மூடினார்கள். பிறகு ஒரு கம்பெனி எடுத்துப் புதுப்பித்தது. இன்றைக்கு அங்கே ஃப்ளாட், ரெஸ்டாரென்ட், ஆபீஸ். வேலை சுத்தம், குறை சொல்லமுடியாது. இடிக்காமல் விட்டார்களே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

ஆனால் என் புகார் இதுதான்: காப்பாற்றியது உறையை. கூப்பரேஜ் என்ற பெயர் இருக்கிறது, கூப்பர் இல்லை. ரென்னி பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். பலகை சீவியவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்த முற்றத்தில் ஒரு அடுப்பு, ஒரு தச்சர், வாரத்துக்கு ஒரு பீப்பாய், அவ்வளவு செய்தால் போதும். குழந்தைகள் கல்லைப் பார்க்கமாட்டார்கள், அவரைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

முடியாத காரியமா? ஸ்காட்லாந்தில் க்ரெயிகெல்லக்கி என்ற சின்ன ஊரில், மாடத்தில் நின்று கீழே கூப்பர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். ஸ்காட்ச் விஸ்கி குறைந்தது மூன்று வருஷம் ஓக் பீப்பாயில் இருந்தாகவேண்டும் என்று சட்டம். கடற்படை கைவிட்ட தொழிலை விஸ்கி காப்பாற்றிவிட்டது.

பயிற்சி முடிக்கும் பையனுக்கு அந்தத் தொழிலில் ஒரு பழைய சடங்கு உண்டு. பீப்பாய்க்குள் அவனை இறக்கி, தலையில் பீர், கரி, மரச்சீவல் எல்லாம் கொட்டி, தரையில் உருட்டுவார்கள். எழுந்து வெளியே வந்தால் அவனும் கூப்பர்.