அவை யாருடையது?

குறளின் ‘அவையறிதல்’ அதிகாரம் அமைச்சியலில் இருக்கிறது என்பதை மாணவிகளுக்கு எப்போதும் நினைவூட்டுவேன். அங்கே பேசுபவருக்கு அவையில் ஏற்கெனவே இருக்கை உண்டு. கேட்பவரின் தன்மையறிந்து சொல்லைத் தேர்ந்தால் போதும். இருக்கையே இல்லாத ஒருத்தி பேச எழுந்தால் என்ன ஆகும்? இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பாடம் சோஜர்னர் ட்ரூத்தின் உரை.

1851 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் ஆக்ரானில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அதனால் அவ்வுரை பிறர் எழுதிய வடிவங்களில்தான் நமக்குக் கிடைக்கிறது. மாநாட்டிலிருந்த மாரியஸ் ராபின்சன் அடுத்த மாதமே தம் பத்திரிகையில் ஒரு வடிவத்தை வெளியிட்டார். தலைமை வகித்த ஃபிரான்சிஸ் டானா கேஜ் 12 ஆண்டுகள் கழித்து, 1863இல், இன்னொன்றை எழுதினார். உலகம் மேற்கோள் காட்டுவது இரண்டாவதை. ‘நான் பெண்ணில்லையா’ என்ற புகழ்பெற்ற கேள்வி அதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது, ராபின்சனிடம் இல்லை.

ராபின்சன் காட்டும் ட்ரூத் அவையை நன்றாக அறிந்தவர். அனுமதி கேட்டுத் தொடங்குகிறார். உழுததையும் அறுத்ததையும் சொல்லித் தன் உடல் வலுவையே சான்றாக வைக்கிறார். பைபிள் அறிந்த கூட்டம் அது. ஏவாள்தான் உலகைக் கவிழ்த்தாள் என்றால், நிமிர்த்தவும் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்கிறார். பெண்ணின் உரிமையைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கே தொல்லை குறையும் என்று ஆண்களைச் சீண்டுகிறார். கேட்பவர்கள் நம்புவதை எடுத்தே அவர்களை மடக்குகிறார்.

கேஜும் அவையறிந்துதான் எழுதினார். ஆனால் அவருடைய அவை, உள்நாட்டுப் போருக்கு நடுவே பத்திரிகை படித்த வடமாநில வாசகர்கள். ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், முதல்மொழி டச்சு. கேஜ் அவர் வாயில் தென்மாநில அடிமைகளின் பேச்சு என்று கருதப்பட்ட கொச்சையை வைத்தார். 5 பிள்ளைகள் பெற்றவரை 13 பிள்ளைகள் பெற்றதாகச் சொல்லவைத்தார். அந்த வாசகர்கள் மனத்திலிருந்த ‘அடிமைப் பெண்’ணுக்கு ஏற்ப ட்ரூத் திருத்தப்பட்டார்.

கேஜ் எதிரியல்ல, தோழி. அந்தக் கேள்வியைக் கறுப்பினப் பெண்ணியரே பிற்காலத்தில் தமதாக்கிக்கொண்டார்கள். பெல் ஹூக்ஸ் 1981இல் தம் நூலுக்கு அதையே தலைப்பாக்கினார். ஆகவே அதைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. தன் சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமை ட்ரூத்துக்கு இருந்தது. அவரையே மாற்றும் உரிமையைக் கேஜுக்கு யார் கொடுத்தது என்பதே என் கேள்வி.

களப்பணிக்குப் போய்ப் பெண்களின் பேச்சைப் பதிவுசெய்து வரும் மாணவிகளுக்கும் இதே கேள்வி உண்டு. மேடைக்காகச் செந்தமிழாக்குவதும், ‘மண்வாசனை’க்காகக் கொச்சையைக் கூட்டுவதும் ஒரே வேலைதான். எழுதியதை அந்தப் பெண்ணிடமே வாசித்துக் காட்டுங்கள். திருத்த வேண்டியதை அவர் திருத்தட்டும்.