நற்கதி யாருக்கு?

சத்யஜித் ராயின் (1921-1992) கலையுலகைக் காட்சிக்கு வைப்போர் வழக்கமாக எவற்றை வைக்கிறார்கள்? கணக்குப்பிள்ளைகள் எழுதும் சிவப்புத் துணி அட்டையிட்ட ஏடுகள், அவற்றில் அவரே வரைந்த காட்சிப் படங்கள், அவர் கைப்பட உருவான சுவரொட்டிகள், 20 ஆண்டுகளுக்கும் மேலாக உடனிருந்து நேமாய் கோஷ் எடுத்த புகைப்படங்கள். விளம்பர நிறுவனமொன்றில் 1943-இல் ஓவியராய்ச் சேர்ந்த மனிதரின் ஒழுங்கு அவற்றில் பளிச்சிடுகிறது. ஆடை, அரங்கம், இசை அனைத்தையும் ஒரே ஏட்டில் எண்ணிப் பார்த்த அந்த உழைப்பின் முன் நாம் தலைவணங்கவே வேண்டும்.

ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு மண்ணிலிருந்து செல்லும் நாம் தேட வேண்டிய படம் வேறு. பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவி, 1981-இல் தூர்தர்ஷனுக்காக ராய் இயக்கிய ‘சத்கதி’ அது. நம் வழக்கில் சொன்னால், நற்கதி. ஒரு மணி நேரம்கூட ஓடாது. பெரும் புகழும் பெறவில்லை. ஆனால் ராய் இத்தனை சினத்தோடு எடுத்த படம் பிறிதொன்று இல்லை என்பது நம் துணிபு.

தோல் தொழில் சாதியைச் சேர்ந்த துக்கி, மகளின் மண உறுதிக்கு நாள் குறித்துத் தர வேண்டிப் புரோகிதரிடம் செல்கிறான். காய்ச்சலிலிருந்து எழுந்த உடம்பு, வெறும் வயிறு. பெருக்கு, சுமை தூக்கு, இந்த மரக்கட்டையைப் பிள என்று ஏவல்கள் தொடர்கின்றன. கட்டை பிளவுபடவில்லை, அவன் விழுந்து இறக்கிறான். ஓம் பூரி எதிர்த்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. இதைக் குறையென்பாரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இறுதியில் அந்தக் கோடரி விழும் வேகத்தில் சொல்லாதவை யாவும் இருக்கின்றன.

கண்காட்சிச் சுவர் இங்கேதான் தோற்கிறது. கோடரி ஓங்கிய ஓம் பூரியின் புகைப்படம் அழகாயிருக்கும், கட்டுடல் தெரியும். நூறாவது வெட்டின் களைப்புத் தெரியாது, ஓசையும் கேளாது. நம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை ஐரோப்பியக் கடைகளின் காலணிப் பேழைகளுக்குள் எட்டாதது போலத்தான் இதுவும்.

படத்தின் முடிவு இன்னும் கடினமானது. பிணத்தைத் தொட மனமில்லாத புரோகிதர், கோலால் காலைத் தூக்கிச் சுருக்கிட்டு, செத்த மாடுகள் கிடக்கும் வெளிக்குக் கயிற்றால் இழுத்துச் செல்கிறார். பின்பு அவ்விடத்தில் தீர்த்தம் தெளிக்கிறார். அவரை வேற்று மனிதராக்கி நாம் கண்டனம் செய்துவிடலாம், எளிது. இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாக மறைக்கல்வியில் கற்ற நம்மிடையேயும், கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்த ஊர்கள் உண்டல்லவா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று, தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்த 10 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ராய் பிறந்த அதே மேற்கு வங்கத்தினர். ராயின் காட்சியை நம் பகுதிக்குக் கொணர எவரேனும் முன்வந்தால், சிவப்பு ஏடுகள் ஒரு மூலையில் இருக்கட்டும். நடுக்கூடத்தில் ஒரு திரையும் சில விசுப்பலகைகளும் போதும். பணிமுறை முடிந்து வருவோர் அமர்ந்து பார்க்கும்படி, மாலை வேளையில் ‘சத்கதி’யை ஓட்டலாம்.