ஈக்கோஸ்போர்ட்டைக் கொடுத்து ஸ்பிளெண்டரும் பழைய வேகன்-ஆரும் வாங்கலாமா?

கார் விமர்சனம் எழுதுகிறவர்கள் வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கோ ஏற்காட்டு வளைவுகளுக்கோ கொண்டுபோய் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு திருச்சியில் பிழைப்பு நடத்துகிறவருக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை. மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம், மெயின்கார்டு கேட், காந்தி மார்க்கெட் என்று போய், அதே வழியில் திரும்பி, உத்திர வீதியில் வீட்டு வாசலில் இடம் தேடி நிறுத்துவதுதான் அவருடைய வண்டிக்குத் தினசரிப் பரீட்சை. இந்தப் பரீட்சையில், ஆசையாக வைத்திருக்கும் ஒரு நல்ல கார், ஒரு நூறு சி.சி. பைக்கிடமும் பழைய சின்ன கார் ஒன்றிடமும் தோற்றுப்போகிறது என்பது என் கட்சி. பெட்ரோல் செலவு குறையும் என்று எல்லோரும் சொல்லும் காரணத்தால் இதைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் இருக்கும் ஓட்டையைப் பின்னால் பார்க்கலாம்.

ஆசையான கார் என்று ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் டீசலை எடுத்துக்கொள்கிறேன். 2013-ல் வந்த வண்டி, மறைமலை நகரில் செய்த வண்டி. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி ஈக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் இறங்கியது. வைத்திருப்பவர்கள் இதை விற்க மனமில்லாமல் இருப்பதில் நியாயம் உண்டு. ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும். கதவைச் சாத்தினால் கனமான சத்தம் வரும். 200 மில்லிமீட்டர் தரை இடைவெளி இருப்பதால் எந்த வேகத்தடையிலும் அடி தட்டாது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் இழுக்கும் இழுப்புக்கு இன்று அதைவிட விலை கூடிய கார்களே ஈடு கொடுப்பதில்லை. ஆனால் தினமும் சில கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பும் ஓட்டத்துக்கு டீசல் இன்ஜின் ஒத்துவராது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுகிறோம். 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.-6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, அதற்குச் சீரான வேகத்தில் கொஞ்ச நேர ஓட்டம் வேண்டும். சத்திரத்துக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவே அந்த ஓட்டம் கிடைக்காது. வண்டிமேல் உயிரையே வைத்திருப்பவர்தான் அதை மெல்ல மெல்ல மூச்சுத்திணற வைக்கிறார்.

அடுத்தது அளவு. ஈக்கோஸ்போர்ட்டின் அகலம் கண்ணாடிகள் நீங்கலாக 1,765 மில்லிமீட்டர்; திரும்புவதற்கு வேண்டிய ஆரம் 5.3 மீட்டர். அடையவளஞ்சான் தெருவில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால் இந்த எண்களுக்கு அர்த்தம் புரியும். பின்கதவு இன்னொரு தலைவலி. ஸ்டெப்னி சக்கரத்தை முதுகில் சுமந்துகொண்டு, வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கிற கதவு அது. வலப்புறப் பின்விளக்கோடு ஒட்டி மறைந்திருக்கும் பிடியை இழுத்தால் அழகாகத்தான் திறக்கும், பின்னால் இடம் இருந்தால். வாசலை ஒட்டி, பின்னால் இன்னொரு வண்டி இடித்தாற்போல் நிற்கும் ஸ்ரீரங்கத்து வீதியில், அரிசி மூட்டையை இறக்க காரையே முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும். சித்திரைத் தேருக்குச் சித்திரை வீதியையும் தைத் தேருக்கு உத்திர வீதியையும் காலி செய்துகொடுக்கும்போது, அங்கே குடியிருப்பவர்களின் கார்கள் எங்கெங்கோ ஒண்டப் போகின்றன. பழைய வீடுகள் நீளத்தில் தாராளம், முகப்பில் சிக்கனம். கார் ஷெட்டுக்கு அவற்றில் இடமே வைக்கவில்லை. பைக்கை மட்டும் ஒரு பலகை போட்டு ரேழிக்குள் ஏற்றிவிடலாம்.

இதற்கெல்லாம் மேலான சாட்சி காவிரிப் பாலம். 1976-ல் திறந்த பாலம், பழுதுபார்ப்பதற்காக 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. மூடினார்கள் என்றாலும், கார்களும் பேருந்துகளும் ஓயாமரி வழியாகப் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது, இருசக்கர வண்டிகளை நவம்பர் பிற்பகுதிவரை அதே பாலத்தில் விட்டார்கள். அதன் பிறகே அவற்றுக்கும் வழி அடைத்தது. 2023 மார்ச்சில் பாலம் திரும்பத் திறந்தது. ஊருக்கும் ஸ்ரீரங்கம் தீவுக்கும் இடையே இருக்கும் ஒரே நேர்வழி நெருக்கடிக்கு உள்ளாகும்போது முதலில் இறக்கிவிடப்படுவது கார். கடைசியில் இறங்குவது பைக். பக்கத்தில் புதுப் பாலம் எழுந்தால் இந்த வாதம் செத்துவிடாதா என்று கேட்கலாம். பாலம் அகலமாகும், சரி. அது கொண்டுபோய் விடும் பெரிய கடைவீதியும் என்.எஸ்.பி. சாலையும் ஓர் அடிகூட அகலமாகப் போவதில்லை. ஆற்றைச் சீக்கிரம் கடந்துவிட்டு, பார்க்கிங் தேடி மலைக்கோட்டையைச் சுற்றிவருவதில் என்ன லாபம்?

இனி வண்டிகளுக்கு வருவோம். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்: 97.2 சி.சி., எட்டு குதிரைத்திறன், 112 கிலோ எடை. 1994-ல் ஹீரோ ஹோண்டாவாக வந்த வண்டியின் சாடை இன்னும் மாறவில்லை. முன்பக்கம் மிதிக்க மிதிக்க ஏறும் நாலு கியர். இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர் என்பதால் குட்டையானவருக்கும் இரண்டு காலும் தரையில் ஊன்றும். சிக்னலில் நியூட்ரலில் விட்டுக் கிளட்சை விட்டால் சில நொடியில் இன்ஜின் தானே அணையும். கிளட்சைப் பிடித்தால் தானே எழும். காந்தி மார்க்கெட் முனையிலும் பாலக்கரையிலும் இது வெறும் மைலேஜ் சமாசாரம் இல்லை. கீழிருந்து தொடையைச் சுடும் சூடு குறைகிறது. இதன் உண்மையான பலம் 18 அங்குலச் சக்கரங்களில் இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய தெருக்கள் திருச்சியில் எத்தனை என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் விழுந்து எழும் பள்ளத்தை ஸ்பிளெண்டர் உருண்டு கடந்துவிடுகிறது. குறை என்று பார்த்தால், டிரம் பிரேக் கொஞ்சம் சோம்பல். பின் பிரேக்கை மிதிக்கும்போது முன்னதும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு இருந்தாலும், மழையில் இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும். ஆடிக்காற்று வீசும் நாளில் பாலத்தின் நடுவில், பக்கத்தில் ஒரு பேருந்து முந்தினால், இந்த எடைக்கு வண்டி ஒரு சாண் தள்ளிப்போகும். கைப்பிடியை இறுக்காமல் விட்டுப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்க்கெட் மூட்டை வைக்கக் கால்பலகை இல்லையே என்றால், உண்மைதான். அந்த ஒரு வேலைக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ஐ அடிக்க ஆளில்லை. வியாபாரிகள் அதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். ஒசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களும் இந்தச் சின்ன ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். வீட்டுக்குள் வண்டியை ஏற்றி, ரேழியிலேயே பிளக் போட வசதி இருப்பவர் அதையே வாங்கலாம்; என் வாதம் அதனால் கெடாது, இன்னும் பலப்படும்.

சின்ன கார் என்றதும் எல்லோரும் ஆல்ட்டோவைக் கை காட்டுகிறார்கள். நான் 2010 முதல் 2018 வரை வந்த இரண்டாம் தலைமுறை வேகன்-ஆரைச் சொல்கிறேன். அகலம் 1,495 மில்லிமீட்டர்தான். ஈக்கோஸ்போர்ட்டைவிட 27 சென்டிமீட்டர் ஒல்லி. 2019-ல் வந்த அடுத்த வேகன்-ஆர் 1,620-க்குப் பருத்துவிட்டது, அதனால் பழசே மேல். 4.6 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். உயரம் 1,700 மில்லிமீட்டர். இந்த உயரந்தான் காரியம். ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் இல்லாத வீடு குறைவு. முட்டிவலி உள்ளவர் ஆல்ட்டோவில் உட்காருவதில்லை, விழுகிறார். எழும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். வேகன்-ஆரில் நாற்காலியில் உட்கார்வதுபோல உட்கார்ந்து, காலைத் திருப்பிக்கொண்டால் முடிந்தது. முன் இருக்கைக்கு அடியில் கழற்றி எடுக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு: ஈரக் குடை, செருப்பு, மருந்துப் பை எல்லாம் அதில் போகும். மூன்று சிலிண்டர் 998 சி.சி. இன்ஜின் சும்மா நிற்கும்போது லேசாக நடுங்கும், ஏ.சி. போட்டால் இரண்டாவது கியரில் முணுமுணுக்கும். புறவழிச்சாலையில் எண்பதைத் தாண்டினால் காற்று உடம்பை அசைக்கும், சத்தம் உள்ளே வரும். ஊருக்குள் இவை எதுவும் உறைக்காது.

இப்போது அந்தப் பணக் கணக்கு. மாதம் 500 கிலோமீட்டர் ஊருக்குள் ஓடுகிறவருக்கு, லிட்டருக்கு 14 தரும் டீசல் காரில் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. லிட்டருக்கு 60 தரும் ஸ்பிளெண்டரில் ஒன்றே முக்கால் ரூபாய். மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஊரெல்லாம் இதோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. ஆனால் இரண்டு வண்டிக்கு இரண்டு சர்வீஸ், இரண்டு பேட்டரி, ஆறு டயர். அத்தோடு இனி வெளியூருக்குப் போக வாடகைக் காரும் டிக்கெட்டும். மிச்சத்தின் பெரும்பகுதி அதில் கரையும். ஆச்சரியம் என்னவென்றால் இன்சூரன்ஸ் எதிர்ப்பக்கம் சாய்கிறது. 2022 ஜூனில் அமலான கட்டாயக் காப்பீட்டுக் கட்டணப்படி, ஈக்கோஸ்போர்ட் போன்ற 1,000 முதல் 1,500 சி.சி. காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். ஆயிரத்துக்கு இரண்டு சி.சி. குறைவான வேகன்-ஆருக்கு 2,094, ஸ்பிளெண்டருக்கு 714. இரண்டும் சேர்ந்தே 2,808-தான். வருமானம் என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: கார் விற்ற பணத்தில் இரண்டையும் வாங்கிய பின் கையில் நிற்கும் தொகை. 2025 செப்டம்பரில் 350 சி.சி.வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கிய பின், புது ஸ்பிளெண்டரே ஷோரூம் விலையில் எண்பதாயிரத்துக்குள் அடங்குகிறது.

பலமான ஆட்சேபம் வேறு. காரை ஏன் விற்க வேண்டும், அதை வைத்துக்கொண்டே ஒரு பைக் வாங்கினால் போதாதா? பாதிப் பேர் செய்வது இதைத்தான். அப்போது காருக்கு மிஞ்சும் வேலை என்ன? மழை நாள், பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, உறையூரில் ஒரு கல்யாணம். இவை அத்தனையும் சின்ன ஓட்டம். டீசலுக்கு ஆகாத அதே ஓட்டம், முன்பைவிடக் குறைவாக. நடுவில் வாரக்கணக்கில் தெருவில் நின்று பேட்டரி இறங்கும். மாதம் இரண்டு முறையாவது மதுரைக்கோ சென்னைக்கோ தானே ஓட்டிப் போகிறவர் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு அந்தக் கார் இன்னும் கார்தான். மற்றவர்களுக்கு வெளியூர் என்றால் ரயில். ராக்ஃபோர்ட்டும் பல்லவனும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே நிற்கின்றன. 2025-ல் பஞ்சப்பூர் முனையம் வந்த பிறகு, வெளியூர்ப் பேருந்து பிடிக்க ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டிய ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ரயில் முன்னைவிடப் பக்கமாகிவிட்டது.

பாதுகாப்பைப் பற்றிய ஆட்சேபத்துக்கு மட்டும் முழுப் பதில் என்னிடம் இல்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஈக்கோஸ்போர்ட் 2013-ல் நாலு நட்சத்திரம் வாங்கியது. குளோபல் என்கேப்பில் 2019 வேகன்-ஆருக்குக் கிடைத்தது இரண்டு. இரண்டு சோதனைகளின் விதிகள் வேறு, ஆனாலும் எது உறுதியான கூடு என்பதில் சந்தேகம் வேண்டாம். இந்த மாற்றத்தில் பாதுகாப்பு குறைகிறது என்று ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும். குறைவதைச் சிறிதாக்க வழி உண்டு. பைக் மாம்பழச்சாலைக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும். சென்னைப் புறவழிச்சாலையில் ஏற்றுவதில்லை, பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். வேகன்-ஆர் தஞ்சாவூர் தாண்டிப் போவதில்லை. இந்தக் கட்டுப்பாடு கைவராது என்று நினைக்கிறவர் காரை விற்கக் கூடாது. 'காரை வித்துட்டாங்களாமே, என்ன கஷ்டமோ' என்று எதிர்வீட்டில் பேசுவார்களே என்பதும் ஒரு ஆட்சேபம்தான். அதற்குப் பதில் சொல்வது விமர்சகன் வேலையில்லை.

வாங்குகிறவர் 2014-க்குப் பிந்தைய வி.எக்ஸ்.ஐ. வேகன்-ஆராகப் பார்ப்பது நல்லது. 15 ஆண்டைத் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், எஃப்.சி. அலைச்சல் தனி. ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் சேர்த்து வாங்கப்பட்ட வண்டிகள் குறைவு, ஆனால் சந்தையில் உண்டு; பத்துப் பதினைந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் அதையே பிடிக்க வேண்டும். காவிரிக் கரையில் நின்ற வண்டியாக இருந்தால் மிதியடிகளைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருக்கும் வண்டியைத் தொடாதீர்கள்.